கிளட்ச் ஒயர் அறுந்த கதை

திமிரியிலிருந்து ஆற்காடு, ராணிப்பேட்டை பக்கம் வேலைக்குப் போய் வந்தவர்களிடம் ஒரு காலத்தில் தாமதத்துக்கு மூன்று காரணங்கள் தயாராக இருக்கும். பஸ் வரவில்லை, மழை பிடித்துக்கொண்டது, கிளட்ச் ஒயர் அறுந்துவிட்டது. முதல் இரண்டையும் மேலதிகாரி நம்பலாம், நம்பாமலும் போகலாம். மூன்றாவதற்குச் சாட்சி தேவைப்படாது. சொல்பவரின் விரல்களில் கிரீஸ் கறுப்பு இருக்கும், சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும்.

வண்டியிலேயே விலை குறைந்த பொருள்களில் அதுவும் ஒன்று. அறுந்துவிட்டால் அத்தனை பெரிய வண்டியையும் தள்ள வைத்துவிடும். இப்படிப்பட்ட ஒரு கம்பிக்கு வரலாறு உண்டா என்று சிலர் கேட்கலாம். உண்டு. நம் பக்கத்து ஆட்களின் உழைப்பும் நம் பக்கத்துத் தொழிலும் அந்த வரலாற்றோடு இரண்டு இடங்களில் உரசிக்கொண்டு போகின்றன. அதனால்தான் எழுதத் தோன்றியது.

முதலில் கிளட்ச் என்ன செய்கிறது என்பதை ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். இஞ்சினையும் சக்கரத்தையும் இணைத்தும் பிரித்தும் வைப்பது அதன் வேலை. உள்ளே இருக்கும் ஸ்பிரிங்குகள் பிளேட்டுகளை எப்போதும் சேர்த்து அழுத்திக்கொண்டே இருக்கும். நாம் இடக்கைப் பிடியை இழுக்கும்போது மட்டும் அந்த அழுத்தம் விலகி இஞ்சின் தனியாகச் சுற்றும். ஆகவே ஒயர் அறுந்தால் கிளட்ச் விட்டுப்போவதில்லை, பிடித்தபடியே நின்றுவிடுகிறது. ஒயர் அறுந்த வண்டி ஓடாத வண்டி அல்ல, நிற்கத் தெரியாத வண்டி.

தொடக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்குக் கிளட்சே கிடையாது. 1894ல் ஜெர்மனியின் மியூனிக் நகரத்தில் ஹில்டெபிராண்ட் - வுல்ஃப்முல்லர் என்ற கூட்டாளிகள் விற்பனைக்கென்று செய்த வண்டிதான் முதன்முதலில் தொழிற்சாலையில் வரிசையாகச் செய்யப்பட்ட மோட்டார் சைக்கிள் என்பார்கள். அதில் இஞ்சினின் தண்டுகள் நேராகப் பின்சக்கரத்தையே சுற்றின. ஓட்டுபவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடி, இஞ்சின் பிடித்ததும் தாவி ஏற வேண்டும். வண்டியை நிறுத்தினால் இஞ்சினும் நின்றுவிடும். மறுபடி தள்ள வேண்டும். இன்றைக்கு ஒயர் அறுந்துபோனவர் சாலையில் செய்வது அப்படியே அந்த வேலைதான்.

பிறகு கிளட்ச் வந்தது. இங்கேதான் நம் தொழில் முதல் முறையாக உள்ளே வருகிறது. அந்தக் காலத்துக் கார்களில் பெரும்பாலும் கூம்பு வடிவ கிளட்ச். ஒரு கூம்பு இன்னொரு கூம்புக்குள் போய் உட்கார்ந்து பிடித்துக்கொள்ளும். வழுக்காமல் இருக்க உள்கூம்பின் மேல் தோல் போர்த்தியிருப்பார்கள். தோல் காய்ந்தால் கிளட்ச் வெடுக்கென்று பிடித்து வண்டி குதிக்கும். அதனால் அவ்வப்போது எண்ணெய் தடவிப் பதமாக வைத்திருக்க வேண்டும். அதிகம் தடவினால் வழுக்கும். மோட்டார் சைக்கிள்களிலும் இஞ்சினிலிருந்து பின்சக்கரத்துக்கு சங்கிலிக்குப் பதிலாகத் தோல் பெல்ட்டைத்தான் பல கம்பெனிகள் போட்டன. மழையில் நனைந்தால் அது நீளும், வழுக்கும், அறுந்தும் போகும். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதம் பார்க்கத் தெரிந்த நம் ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடித் தொழிலாளிகளுக்கு இந்தச் சிக்கலை விளக்கவே வேண்டாம். தோலுக்கு ஈரமும் ஆகாது, காய்ச்சலும் ஆகாது என்பது அவர்களுக்குக் கைப்பழக்கம்.

சரி, கிளட்ச் கீழே இருக்கிறது, கை மேலே இருக்கிறது. நடுவில் எதை வைத்து இழுப்பது? நம் தலைமுறை முதலில் ஓட்டிய சைக்கிளை நினைத்துப் பாருங்கள். கைப்பிடிக்குக் கீழே நேரான இரும்புக் கம்பிகள், திரும்பும் இடத்தில் எல்லாம் கீல்கள். உறுதியானதுதான். ஆனால் கம்பி வளையாது. கைப்பிடி ஒரு பக்கம் திரும்பி, இஞ்சின் அதிர்ந்துகொண்டே இருக்கும் மோட்டார் சைக்கிளுக்கு அது சரிப்படாது.

1896ல் எர்னஸ்ட் மானிங்டன் பௌடன் என்பவர் இங்கிலாந்தில் இதற்கு ஒரு காப்புரிமை வாங்கினார். ராலே சைக்கிள் கம்பெனியை நடத்திய ஃபிராங்க் பௌடன் வேறு ஆள். இருவரையும் குழப்பிக்கொள்வது இன்றும் நடக்கிறது. எர்னஸ்ட் பௌடன் செய்தது இவ்வளவுதான்: மெல்லிய இரும்புப் பிரிகளை முறுக்கிய உள்கம்பி ஒன்று, அதன் மேல் நெருக்கமாகச் சுற்றிய சுருள்கம்பிக் குழாய் ஒன்று. மெக்கானிக் கடையில் இன்னர், அவுட்டர் என்று சொல்கிறோமே, அவைதான். இன்னர் இழுக்கும், அவுட்டர் அந்த இழுப்பைத் தாங்கி எதிர்த்து நிற்கும். அவுட்டரின் இரண்டு முனைகளும் அசையாமல் உட்கார்ந்திருந்தால் நடுவில் எப்படி வளைந்தாலும் வேலை நடக்கும். அறுவது இன்னர் என்பதால் எல்லோரும் அதையே பார்ப்பார்கள். அவுட்டர் நசுங்கியோ அதன் முனை தேய்ந்தோ போய்விட்டால் புது இன்னர் போட்டும் பயன் இல்லை. நல்ல மெக்கானிக் முதலில் அவுட்டரைத்தான் தடவிப் பார்ப்பார்.

பௌடனுக்கும் 60 ஆண்டுகளுக்கு முந்தைய கதை ஒன்று இந்த இன்னருக்குள் இருக்கிறது. ஜெர்மனியில் ஹார்ட்ஸ் மலைப்பகுதியில் கிளவுஸ்டால் என்ற சுரங்க ஊர். அங்கே சுரங்க அதிகாரியாக இருந்தவர் வில்ஹெல்ம் ஆல்பர்ட். சுரங்கத்திலிருந்து பாரம் தூக்கும் இரும்புச் சங்கிலிகள் திடீர் திடீரென்று அறுந்தன. தாங்க முடியாத பாரம் என்றால் புரிந்துகொள்ளலாம். ஆனால் நேற்று வரை அதே பாரத்தைத் தூக்கிய சங்கிலி இன்று அறுந்தது. ஆல்பர்ட் ஒரு எந்திரம் அமைத்து, சங்கிலியைத் திரும்பத் திரும்ப இழுத்தும் தளர்த்தியும் பார்த்தார். பாரம் எவ்வளவு என்பது மட்டும் போதாது, எத்தனை முறை என்பதும் இரும்பை அறுக்கிறது என்று கண்டார். இன்று இதை உலோகக் களைப்பு என்கிறோம். அதைப் பற்றி முதலில் எழுதியவர்களில் அவர் ஒருவர்.

1834ல் அவர் சங்கிலிக்குப் பதிலாக இரும்புக் கம்பிக் கயிறு செய்தார். 4 கம்பிகளை முறுக்கி ஒரு பிரி, அப்படி 3 பிரிகளை முறுக்கி ஒரு கயிறு. எல்லாம் கையால் முறுக்கியது. இதில் உள்ள நன்மை என்ன? சங்கிலியில் ஒரு கண்ணி போனால் எல்லாம் போயிற்று. கயிற்றில் ஒரு கம்பி அறுந்தால் மற்றவை தாங்கும். அறுந்த கம்பியின் முனை வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். கண் உள்ளவன் பார்த்து, மாற்ற நேரம் இருக்கும்.

இந்தக் கயிறு நம் பக்கத்து வீடுகளிலும் கதையாக இருக்கிறது. பழைய வட ஆற்காடு மாவட்டத்திலிருந்து எத்தனையோ குடும்பங்கள் கோலார் தங்கவயலுக்குப் பிழைக்கப் போயின. 1880ல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே வேலை தொடங்கியதிலிருந்து 2001ல் சுரங்கம் மூடப்படும் வரை, பூமிக்குள் இறங்கியவர்களில் தமிழ் பேசியவர்கள் ஏராளம். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழம். அந்த ஆழத்துக்கு ஆட்களை இறக்கி ஏற்றியது இரும்புக் கம்பிக் கயிறுதான். அந்தக் கயிற்றின் வம்சத்தில் வந்த சின்னப் பேரன்தான் நம் வண்டியின் கிளட்ச் ஒயர். தடிமன்தான் வேறு, குணம் ஒன்றே. ஒரே நாளில் அறாது, ஒவ்வொரு பிரியாக அறும், அறுவதற்கு முன் சொல்லும்.

ஒரு கணக்கு போடுவோம். திமிரியிலிருந்து ஆற்காடு வழியாகப் பாலாற்றுப் பாலம் தாண்டி முத்துக்கடை போகும் ஒருவர் போக 50, வர 50 என்று கிளட்ச் பிடிக்கிறார் என்று வையுங்கள். 300 வேலை நாளில் 30,000 தடவை. ஒவ்வொரு தடவையும் கம்பி ஒரே இடத்தில் கொஞ்சம் வளைந்து நிமிர்கிறது. அந்த இடம் கைப்பிடிக்குள் இருக்கும் ஈயக் குண்டின் கழுத்து. நிப்பிள் என்று கடையில் சொல்வார்கள். பிடியை இழுக்கும்போது அந்தக் குண்டு தன் குழியில் உருள வேண்டும். கிரீஸ் காய்ந்து, புழுதி ஏறி, குண்டு இறுகிவிட்டால் உருளாது. உருளாததால் கம்பி மடங்கும். பத்தில் ஒன்பது ஒயர் அறுவது அந்த இடத்தில்தான் என்று மெக்கானிக்குகள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒரு சொட்டு எண்ணெய் காப்பாற்றியிருக்கக்கூடிய சாவு அது.

நம் சாலைகளுக்கு வந்த வண்டிகள் ஒவ்வொன்றும் இந்தச் சிக்கலை ஒவ்வொரு விதமாகச் சமாளித்தன. 1950களின் தொடக்கத்தில் இந்திய அரசு ராணுவத்துக்காக 350 சி.சி. புல்லட் 800 வண்டிகள் கேட்டது. அதைத் தொடர்ந்து 1955ல் இங்கிலாந்துக் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை. அந்தப் பழைய புல்லட்டில் கியர் வலது காலில். பக்கத்திலேயே நியூட்ரலுக்கென்று தனியாக ஒரு சின்ன மிதி இருக்கும். முதல் கியர் தவிர எந்த கியரில் இருந்தாலும் ஒரே மிதியில் நியூட்ரலுக்கு வந்துவிடலாம். ஒயர் அறுந்த நேரத்தில் அதன் அருமை தெரியும்.

மைசூரில் 1960களின் தொடக்கத்தில் ஐடியல் ஜாவா கம்பெனி ஜாவா வண்டிகளைச் செய்யத் தொடங்கியது. பின்னால் அதுவே யெஸ்டி ஆயிற்று. அதில் கிக்கர்தான் கியர், கியர்தான் கிக்கர் என்பது எல்லோருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது, கியர் மிதியை அழுத்தும்போதே அது உள்ளே கிளட்சையும் விலக்கிவிடும் என்பது. கைப்பிடியைத் தொடாமலே கியர் மாற்றலாம். ஒயர் அறுந்தால் மற்றவர்கள் வண்டி தள்ளிக்கொண்டிருக்க, ஜாவாக்காரர் வீடு போய்ச் சேர்ந்துவிடுவார்.

ஸ்கூட்டர்காரர்கள் பாடு வேறு. பழைய பஜாஜ் ஸ்கூட்டரில் கிளட்சுக்கு ஒரு ஒயர், கியருக்கு இரண்டு ஒயர். கியர் மாற்ற இடக்கைப் பிடியைத் திருப்பும்போது கிளட்ச் பிடியும் கூடவே திரும்பும். ஆகவே ஒயருக்கு வளைவும் உண்டு, முறுக்கும் உண்டு. ஸ்கூட்டர் வைத்திருந்தவர்கள் டிக்கியில் ஸ்பேனரோடு ஒரு புது இன்னரும் சுருட்டி வைத்திருந்தது சும்மா இல்லை. ஸ்கூட்டருக்குப் பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த காலம் அது. வந்த வண்டியைப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டார்கள்.

1980களின் கடைசியில் நடந்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். எங்கள் தெருக்காரர் ஒருவர் ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை பார்த்தார். கால் மணி நேரம் தாமதமானாலும் அரை நாள் கூலி போய்விடும். ஒரு நாள் காலையில் அவர் வண்டியில் பின்னால் உட்கார்ந்து நான் ஆற்காடு போய்க்கொண்டிருந்தேன். ஊர் எல்லைக்கு வரும்போது பிடி கையோடு வந்து தொளதொளவென்று ஆடியது. அவர் பதறவில்லை. முன்னால் மல்லாட்டை மூட்டை ஏற்றிய ஒரு மாட்டுவண்டி. அதன் பின்னால் மாட்டிக்கொண்டால் நிற்க வேண்டிவரும் என்று தூரத்திலேயே ஆக்சிலேட்டரைக் குறைத்து, வேகம் தணிந்த அந்த நொடியில் காலால் கியரைத் தட்டி இறக்கினார். சத்தம் கொஞ்சம் வந்தது, கியர் விழுந்தது. வண்டியைக் கடந்து போகும் இடம் கிடைத்ததும் முறுக்கினார். மெக்கானிக் கடைக்கு 50 அடி முன்பே நியூட்ரல் பண்ணி, உருட்டிக்கொண்டே போய் நிறுத்தினார்.

கடைக்காரர் பாய் எங்களைப் பார்த்ததுமே சிரித்தார். "இன்னா சார், ஒயரா?" என்றார். திருப்புளியால் பிடியைக் கழற்றி, அறுந்த நுனியை வெளிச்சத்தில் காட்டினார்.

"இத்த நல்லா பாருங்க சார். கறுத்துப்போயிக்கீதே, இந்தப் பிரி எல்லாம் போன மாசமே அறுந்தது. துரு ஏறிக்கீது பாருங்க. இதோ பளபளன்னு கீதே நாலு பிரி, அது மட்டுந்தான் இன்னிக்கி அறுந்தது. ஒரு மாசமா இந்த நாலுதான் உங்க ரெண்டு பேரயும் இட்டுனு வந்துனு இருந்துக்கீது."

எங்கள் தெருக்காரர் பதில் பேசவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். பாயிடம் அந்த வண்டிக்கு ஏற்ற ஒயர் கைவசம் இல்லை. நீளமான ஒரு இன்னரை எடுத்து அளவுக்கு வெட்டினார். நுனிப் பிரிகளைத் துடைப்பம் மாதிரி விரித்து, துத்தநாகம் போட்ட ஆசிட்டில் தொட்டு, பித்தளைக் குண்டுக்குள் நுழைத்து ஈயம் ஊற்றினார். ஆறியதும் அரத்தால் ராவி, குண்டு குழியில் உருள்கிறதா என்று பலமுறை பார்த்தார். நுனியில் காகிதத்தைப் புனல் மாதிரி சுற்றி, தையல் மிஷின் எண்ணெயை அவுட்டருக்குள் இறக்கினார். மொத்தம் 20 நிமிடம். தெருக்காரருக்கு அன்றைய அரை நாள் கூலி போனதுதான். ஆனால் அந்த ஒயர் அதன் பிறகு பல ஆண்டு உழைத்தது.

கிளவுஸ்டால் ஆல்பர்ட்டின் பெயரைப் பாய் கேள்விப்பட்டிருக்க மாட்டார். ஆல்பர்ட் எந்திரம் வைத்துக் கண்டுபிடித்ததை அவர் கறுப்புப் பிரி, வெள்ளைப் பிரி என்று கண்ணால் பிரித்துச் சொன்னார். படிப்பு என்பது இதுவும்தான் என்று எனக்கு அன்று தோன்றியது.

ஒயரே வேண்டாம் என்ற வழியும் ஒன்று பக்கத்தில் வளர்ந்துகொண்டிருந்தது. ஜப்பானில் 1958ல் வந்த ஹோண்டா சூப்பர் கப் வண்டிக்குக் கிளட்ச் பிடியே இல்லை. ஒரு கையில் சாப்பாட்டுத் தட்டை ஏந்திக்கொண்டு ஓட்டும் கடைப் பையனுக்கும் சரிப்பட வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. நம் பக்கம் திருப்பதியில் செய்த சுவேகா, 1972ல் வந்த லூனா, 1980ல் ஓசூரில் பிறந்த டி.வி.எஸ். 50 எல்லாம் கையால் கிளட்ச் பிடிக்க வேண்டாத வண்டிகள். இஞ்சின் வேகம் ஏறும்போது உள்ளே இருக்கும் கட்டைகள் தாமாக விரிந்து டிரம்மைப் பிடிக்கும், வேகம் குறைந்தால் விட்டுவிடும். பால்காரரும் கீரைக்காரம்மாவும் கழனிக்காரரும் அதைத் தேர்ந்தெடுத்ததற்கு விலை ஒரு காரணம், நடுவழியில் நிற்க வைக்க அதில் கிளட்ச் ஒயர் இல்லை என்பது இன்னொன்று.

1984, 85ல் இண்ட்-சுசுகி, ஹீரோ ஹோண்டா, யமஹா ஆர்.எக்ஸ். 100 வந்தபோது ஒயரும் மாறத் தொடங்கியது. அவுட்டருக்கு உள்ளே வழவழப்பான பிளாஸ்டிக் குழாய் வைத்து, இரண்டு முனைகளிலும் குண்டு வார்த்து, அப்படியே மாட்டிக்கொள்ளும்படி வரும் ஒயர்கள் கடைகளை நிரப்பின. 1985ல் பெங்களூரில் அஜித்குமார் ராய் தொடங்கிய சுப்ரஜித் நிறுவனம் இந்த ஒயர்களைச் செய்தே இன்று உலகின் பெரிய கேபிள் நிறுவனங்களில் ஒன்றாகியிருக்கிறது. ஈயம் ஊற்றும் வேலை குறைந்தது. அறுவதும் குறைந்தது. அது நல்லதுதான். கூலி போன அரை நாளை நினைத்தால் நல்லதென்றே சொல்வேன்.

2021ல் ராணிப்பேட்டையில் கிரீவ்ஸ் கம்பெனி ஆம்பியர் மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலையைத் திறந்தது. கியரும் இல்லை, கிளட்சும் இல்லை. தோல் தொழிலுக்குப் பேர் போன ஊரில், தோல் கிளட்சில் தொடங்கிய கதை கிளட்சே இல்லாத வண்டியில் வந்து நிற்கிறது. நம் பேரப்பிள்ளைகள் இடக்கையை எதற்கு இத்தனை நாள் இழுத்தீர்கள் என்று கேட்பார்கள். அதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை. ஆனால் பிரேக்குக்கு இன்னும் பல வண்டிகளில் அதே பௌடன் ஒயர்தான். லிஃப்டில் ஏறுகிறோமே, அதைத் தூக்குவதும் இரும்புக் கம்பிக் கயிறுதான். அங்கெல்லாம் பாய் பார்த்த மாதிரிப் பார்க்கும் கண் இன்னும் தேவை.

வீட்டில் பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பிடி வழக்கத்தைவிடக் கனத்தாலும், இழுக்கும்போது நரநரவென்றாலும், அடிக்கடி டைட் வைக்க வேண்டிவந்தாலும் ஒயர் ஏதோ சொல்கிறது என்று அர்த்தம். பிடிக்கு அடியில் குண்டின் கழுத்தை விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். ஒரே ஒரு பிரி குத்தினாலும் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.